துத்தநாகத்தை ஹைட்ரஜன் ஏன் முந்துவதில்லை?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் (மின்சாரத்தால் உலோகம் பூசும்) கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே அமிலக் கரைசலில் துத்தநாகம் பூசும் ஆசிட் ஜிங்க் லைன் ஒன்று, காரக் கரைசலில் பூசும் ஆல்கலைன் ஜிங்க் லைன் ஒன்று. புத்தகத்து மின்முனை அழுத்த அட்டவணையில் ஹைட்ரஜன் 0, துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட். அப்படியானால் தண்ணீர்க் கரைசலில் கரண்ட் விட்டதும் ஹைட்ரஜன்தானே முதலில் வர வேண்டும், துத்தநாகம் எப்படிப் படிகிறது என்பது முதல் கேள்வி. சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "ரெக்டிஃபையர் தள்ளுதுப்பா, படியுது" என்றாராம். ரெக்டிஃபையர் என்பது டேங்குக்கு நேர்மின்னோட்டம் கொடுக்கும் கருவி. கூடவே இரண்டு துணைக் கேள்விகள். பேட்டரிப் பாடத்தில் ஆனோடு நெகட்டிவ், டேங்கில் ஆனோடு பாசிட்டிவ், இது என்ன குழப்பம்? ஆல்கலைன் லைனில் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ஜாப், அதாவது பூச வந்த பொருள், நன்றாக மூடிக்கொள்ளும்போது சிஐ (வார்ப்பிரும்பு) ஜாப் மட்டும் ஏன் நுரைத்துக்கொண்டே இருந்துவிட்டு வெறுமனே வெளியே வருகிறது?

மூன்றும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். ஜாப்பின் பரப்புக்கு வந்து சேரும் எலக்ட்ரானை யார் வாங்கிக்கொள்கிறார்கள், அதை எது முடிவு செய்கிறது? நான் காரைக்குடியில் மின்வேதியியல் படித்துவிட்டு, அப்புறம் வேலைக்காலம் முழுக்கச் சென்னையில் பிளேட்டிங் டேங்க் பக்கத்திலேயே நின்றவன். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

ஆனோடு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சின்னது. ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் முனை ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் முனை கேத்தோடு. எந்த செல்லிலும் இது மாறாது. பேட்டரியில் துத்தநாகம் தானாகவே கரைந்து எலக்ட்ரானை அந்த முனையில் விட்டுவிட்டுப் போகிறது, ஆகவே அந்த முனை நெகட்டிவ். டேங்கில் ரெக்டிஃபையர் எலக்ட்ரானை ஆனோடிலிருந்து இழுத்து ஜாப் பக்கம் ஏற்றுகிறது, ஆகவே ஆனோடு பாசிட்டிவ். வீட்டு இன்வர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாசிட்டிவ் பிளேட் கரண்ட் கொடுக்கும்போது கேத்தோடு, சார்ஜ் ஏறும்போது ஆனோடு. குறி அப்படியே இருக்கிறது, வேலைதான் மாறுகிறது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இப்போது அட்டவணைக்கு வருவோம். அதில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அது எந்த நிலையில் எழுதப்பட்டது என்று பாருங்கள். 25 டிகிரி செல்சியஸ், அயனிகள் லிட்டருக்கு 1 மோல், கரண்ட் ஓடவே கூடாது. ஹைட்ரஜனுக்கு 0 என்று போட்டிருப்பது அமிலத்தின் பிஎச் 0 ஆக இருக்கும்போது. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த 0 எடுக்கப்பட்டது பிளாட்டினத்தின் மேல், அதுவும் கருந்தூளாகப் பிளாட்டினம் பூசிய பிளாட்டினத்தின் மேல். உங்கள் டேங்கில் பிளாட்டினம் தொங்கவில்லை, பிஎச்சும் 0 இல்லை.

முதலில் பிஎச்சைச் சரி செய்வோம். பிஎச் ஒன்று கூடினால் ஹைட்ரஜனின் அழுத்தம் 0.059 வோல்ட் கீழே இறங்கும். உங்கள் ஆசிட் ஜிங்க் பாத்தின், அதாவது டேங்கில் இருக்கும் கரைசலின், பிஎச் 5 முதல் 5.5 வரை இருக்கும். அங்கே ஹைட்ரஜனின் இடம் சுமார் மைனஸ் 0.3 வோல்ட். துத்தநாகம் அந்த பாத்தில் லிட்டருக்கு 30, 40 கிராம் இருக்கும், அதன் இடம் மைனஸ் 0.77 பக்கம். இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனாலும் அரை வோல்ட்டை ஒட்டி இன்னும் பாக்கி. ஆற்றல் கணக்கு மட்டும் பேசினால் ஹைட்ரஜன்தான் முன்னால் நிற்கிறது. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. பிஎச்சைச் சொல்லி மட்டும் இதை மழுப்ப முடியாது.

மீதி விடை வேகத்தில் இருக்கிறது. ஒரு வினை நடக்க இடம் உண்டா என்பதை அட்டவணை சொல்லும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைச் சொல்லவே சொல்லாது. வேளச்சேரியில் மழை பெய்தால் தண்ணீர் பள்ளிக்கரணைப் பக்கம் போகத்தான் வேண்டும், தரை அந்தப் பக்கம்தான் தாழ்வு. ஆனால் கால்வாய் அடைத்திருந்தால் மூன்று நாளானாலும் தெருவிலேயே நிற்கிறது. துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜனின் நிலைமை அதுதான்.

ஹைட்ரஜன் வாயுவாக வெளிவர இரண்டு படி வேண்டும். முதலில் ஒரு ஹைட்ரஜன் அயனியோ தண்ணீர் மூலக்கூறோ எலக்ட்ரானை வாங்கி, அணுவாகப் பரப்பில் ஒட்ட வேண்டும். அப்புறம் அந்த அணு இன்னொன்றோடு சேர்ந்து மூலக்கூறாகிப் பிரிய வேண்டும். பிளாட்டினம் அந்த அணுவை அளவாகப் பிடித்துக்கொள்கிறது, சரியான நேரத்தில் விட்டும்விடுகிறது. துத்தநாகம், ஈயம், பாதரசம் இவற்றில் அந்த அணு சரியாக ஒட்டுவதே இல்லை, முதல் படியிலேயே திணறுகிறது. இரும்பும் நிக்கலும் நடுவில். கூடுதல் தள்ளல் எதுவும் இல்லாத நிலையில் வினை தனக்குள் முன்னும் பின்னும் நடக்கும் வேகத்தை ஒப்பிட்டால், பிளாட்டினத்தைவிடத் துத்தநாகத்தில் ஒரு கோடி மடங்குக்கும் மேல் மெதுவு. இதை ஈடுகட்டக் கூடுதலாகத் தள்ள வேண்டிய வோல்ட்டேஜைத்தான் ஓவர்பொட்டென்ஷியல் என்கிறோம். 1905இல் டாஃபல் என்ற வேதியியலாளர் கண்டு சொன்ன விதி இன்றும் கை கொடுக்கிறது: ஹைட்ரஜன் கரண்டைப் பத்து மடங்காக்க, பல உலோகங்களில் சுமார் 0.12 வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், துத்தநாகம் படியத் தொடங்கும் இடத்தில் ஹைட்ரஜனுக்குக் கிடைத்திருக்கும் அரை வோல்ட் தள்ளல், சதுர சென்டிமீட்டருக்குச் சில மைக்ரோஆம்பியர் கரண்டுக்குத்தான் போதும். துத்தநாகமோ அதே இடத்தைத் தாண்டியவுடன் 20 மில்லிஆம்பியரைச் சாதாரணமாக வாங்கிக்கொள்கிறது. நிஜ டேங்கில் பிரைட்னர் (படிவைப் பளபளப்பாக்கச் சேர்க்கும் பொருள்) போடும் தடை, ஓரங்களில் கூடும் கரண்ட், அழுக்கு எல்லாம் சேர்ந்து ஹைட்ரஜனின் பங்கு இந்தக் கணக்கைவிடக் கூடும். நல்ல ஆசிட் ஜிங்க் பாத்தில் 2 முதல் 5 சதவீதம் ஹைட்ரஜனுக்குப் போகும், மிச்சம் துத்தநாகத்துக்கு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? லேபில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் சுத்தமான துத்தநாகத் துண்டு ஒன்றைப் போடுங்கள். மேலே அங்கங்கே ஒரு குமிழ் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மந்தமாகக் கிடக்கும். இப்போது ஒரு செம்புக் கம்பியை அமிலத்துக்குள் விட்டுத் துத்தநாகத்தைத் தொடுங்கள். குமிழ்கள் செம்பின் மேலிருந்து கிளம்பும். செம்பு கரையவில்லை, கரைவது துத்தநாகம்தான். ஆனால் அது விட்ட எலக்ட்ரான் செம்புக்கு ஓடி, அங்கே சுலபமான வழி இருப்பதால் ஹைட்ரஜனாக வெளிவருகிறது. கம்பியை எடுத்தால் ஆட்டம் அடங்கிவிடும். துத்தநாகத் துண்டு சுத்தமில்லாமல் இருந்தால் அதில் கலந்திருக்கும் மற்ற உலோகங்களே செம்பின் வேலையைச் செய்து எல்லா இடத்திலும் பொங்கும், அதனால் துண்டைப் பார்த்து வாங்குங்கள்.

இன்வர்ட்டர் பேட்டரியும் இதே தயவில்தான் ஓடுகிறது. அமிலத்துக்குள் ஈயத்தைச் சார்ஜ் செய்ய முடிவதே ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் மந்தமாக இருப்பதால்தான். பிளேட்டில் கலக்கும் ஆன்டிமனி அந்த மந்தத்தைக் குறைத்துவிடும். பழைய பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உச்சபட்ச உதாரணம் பாதரசம். காஸ்டிக் சோடா ஆலைகளில் பாதரசத்தைக் கேத்தோடாக வைத்து, உப்புத் தண்ணீரிலிருந்து சோடியத்தையே எடுத்தார்கள். அட்டவணையில் சோடியம் மைனஸ் 2.71 வோல்ட்! சோடியம் பாதரசத்தில் கலந்து அமால்கமாவதால் கொஞ்சம் சலுகை கிடைக்கிறது, மீதி முழுக்க ஹைட்ரஜனின் மந்தத்தால் நடந்த காரியம்.

சரி, உங்கள் சிஐ ஜாப். எனக்கு மூன்றில் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இதில்தான் எல்லாம் அம்பலமாகிறது. எம்எஸ் ஜாப்பை டேங்கில் இறக்கிக் கரண்ட் போட்ட முதல் சில விநாடிகளைக் கவனியுங்கள். கொஞ்சம் பொங்கும், அப்புறம் தணியும். இறங்கும்போது இருப்பது இரும்புப் பரப்பு, அதில் ஹைட்ரஜனுக்கு ஓரளவு வழி உண்டு. துத்தநாகம் மெல்லிய படலமாக மூடிய நொடியிலிருந்து அது இரும்பில்லை, துத்தநாகப் பரப்பு. வழி அடைபடுகிறது. அதாவது துத்தநாகம் தான் படிவதற்கான இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சிஐ பரப்பில் கிராஃபைட்டும் கார்பைடும் கலந்திருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் வெளிவர எம்எஸ்ஸைவிடக் குறைந்த தள்ளல் போதும். ஆசிட் பிக்லிங்கில் (பூசும் முன் அமிலத்தில் முக்கித் துரு நீக்குவதில்) கொஞ்ச நேரம் கூடிவிட்டால் இரும்பு கரைந்து கரி மேலே நிற்கும், நிலைமை இன்னும் மோசமாகும். விளைவு, துத்தநாகம் படிய வேண்டிய அழுத்தத்துக்கு ஜாப் இறங்கும் முன்பே வருகிற கரண்ட் முழுவதையும் ஹைட்ரஜன் குடித்துவிடுகிறது. முதல் படலம் உருவாவதே இல்லை, ஆகவே வழி அடைபடுவதும் இல்லை. நுரைத்துக்கொண்டே இருக்கும்.

அதே சிஐ ஆசிட் லைனில் ஏன் மூடுகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆல்கலைன் பாத்தில் துத்தநாகம் ஜிங்கேட்டாக (காரத்தோடு பிணைந்த அயனியாக) இருக்கிறது, அதன் இடம் மைனஸ் 1.2 வோல்ட்டுக்கும் கீழே. காஸ்டிக்கில் ஹைட்ரஜனும் மைனஸ் 0.85 பக்கம் இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி ஆசிட் பாத்தில் இருந்த அதே அரை வோல்ட்டை ஒட்டித்தான். அட்டவணையை மட்டும் நம்பினால் இரண்டு லைனும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். நடப்பதில்லை, ஏனென்றால் ஜிங்கேட்டிலிருந்து துத்தநாகத்தைப் பிரிக்க, அதுவும் அந்த பாத்தின் அடிட்டிவ்கள் நடுவே பிரிக்க, இன்னும் ஆழமாகத் தள்ள வேண்டும். அந்தக் கூடுதல் தள்ளல் ஹைட்ரஜனுக்கும் சேர்ந்துதான் போகிறது. ஆகவே ஆல்கலைன் பாத்தின் எஃபிஷியன்சி, அதாவது கரண்டில் உலோகத்துக்குப் போகும் பங்கு, நல்ல நாளில் 80 சதவீதம், கரண்ட் கூடக்கூட 60க்கு இறங்கும். ஆசிட் லைனின் குளோரைடு பாத்தில் துத்தநாகம் லேசாக இறங்கிவிடும், முதல் படலம் சீக்கிரம் விழும். அதனால்தான் காஸ்டிங் ஜாப் என்றால் ஆசிட் லைனில் போடுவது, அல்லது ஆசிட்டில் ஒரு ஃபிளாஷ் (மெல்லிய முதல் பூச்சு) கொடுத்துவிட்டு ஆல்கலைனுக்குக் கொண்டுபோவது. சிஐயை நீண்ட நேரம் பிக்லிங் செய்யாமல் ஷாட் பிளாஸ்ட் (சிறு குண்டுமணிகளை வீசிச் சுத்தம்) செய்து கொண்டுவருவதும் இதற்காகத்தான். ஆல்கலைன் பாத்துக்கு ஒரு நன்மையும் இதே குணத்தால் வருகிறது: கரண்ட் அதிகம் விழும் ஓரத்தில் எஃபிஷியன்சி குறைவதால், ஓரத்திலும் குழியிலும் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். ஆசிட் பாத்தில் ஓரம் தடிக்கும், குழி மெலியும்.

கரண்ட் எங்கே போகிறது என்பதை நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம், லேபுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஃபாரடே கணக்குப்படி 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம். ஒரு ஸ்டீல் பேனலை நன்றாகச் சுத்தம் செய்து, உலர்த்தி, மில்லிகிராம் காட்டும் தராசில் எடை எடுங்கள். 1 ஆம்பியரில் 10 நிமிடம் போட்டுக் கழுவி உலர்த்தி மறுபடி எடை எடுங்கள். கணக்குப்படி 0.203 கிராம் ஏற வேண்டும். 0.195 ஏறியிருந்தால் 96 சதவீதம். அதே பேனலை ஆல்கலைன் லைன் சொல்யூஷனில் செய்து 0.15 வந்தால் 74 சதவீதம், மிச்சம் 26 சதவீதம் குமிழாகப் போயிற்று. தடிமனுக்கும் இதே கணக்குத்தான்: சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியரில் 95 சதவீதம் எஃபிஷியன்சியோடு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 32 மைக்ரான், ஆகவே 8 மைக்ரான் வேண்டுமென்றால் கால் மணி நேரம். பேரலில் (சின்ன ஜாப்களைக் கொட்டிச் சுழற்றும் உருளையில்) எல்லா ஜாப்பும் ஒரே நேரத்தில் கரண்ட் பார்ப்பதில்லை என்பதால் நேரம் கூடும், அது அனுபவத்தில் வரும்.

மற்ற உலோகங்களில் இந்தப் போட்டி எப்படி என்று ஒரு பார்வை. செம்பு அட்டவணையிலேயே ஹைட்ரஜனுக்கு மேலே, பிளஸ் 0.34. ஆசிட் காப்பரில் ஹைட்ரஜனுக்கு வாய்ப்பே இல்லை, எஃபிஷியன்சி கிட்டத்தட்ட 100. ஆனால் அங்கே வேறு தலைவலி: ஸ்டீலை நேராக ஆசிட் காப்பரில் இறக்கினால் கரண்ட் இல்லாமலே இரும்பு கரைந்து செம்பு பொடியாக ஒட்டும், பிறகு தோலாக உரியும். அதனால்தான் முதலில் சயனைடு காப்பர் ஸ்டிரைக் என்ற மெல்லிய அடிப்பூச்சு, அதில் செம்பு சயனைடோடு பிணைந்து மிகக் கீழே போய்விடுவதால் ஸ்டீலை உடனே தாக்குவதில்லை. நிக்கல் மைனஸ் 0.25, வாட்ஸ் பாத் எனும் வழக்கமான நிக்கல் கரைசலின் பிஎச் 4இல் ஹைட்ரஜனும் மைனஸ் 0.24. இரண்டும் தோளோடு தோள். நிக்கலுக்கு 95 சதவீதம் சுற்றிக் கிடைக்கிறது. ஆனோடில் நிக்கல் ஏறக்குறைய முழுதாகக் கரைகிறது, கேத்தோடில் மட்டும் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனி செலவாகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் நிக்கல் பாத்தின் பிஎச் நாளாக நாளாக ஏறுகிறது, நீங்கள் சல்ஃப்யூரிக் சேர்த்து இறக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். பிஎச் ஏறவே இல்லை, இறங்குகிறது என்றால் ஆனோடு சரியாகக் கரையவில்லை, அங்கே ஆக்ஸிஜன் வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

குரோம் தான் அநியாயம். ஹெக்ஸாவேலன்ட் குரோமில் ஒரு அணு படிய ஆறு எலக்ட்ரான், அதிலும் எஃபிஷியன்சி 10 முதல் 20 சதவீதம். 1000 ஆம்பியர் டேங்கில் 85 சதவீதம் ஹைட்ரஜன் என்றால் மணிக்கு 350 லிட்டருக்கு மேல் வாயு, அது தூக்கிக்கொண்டு வரும் குரோமிக் அமிலத் துளியோடு. எக்ஸாஸ்ட் ஓடாமல் அந்த டேங்க் பக்கத்தில் நிற்காதீர்கள்.

ஆனோடைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, டேங்கில் பாதிப் பிரச்சினை அங்கிருந்துதான் வரும். ஜிங்க், நிக்கல், காப்பரில் ஆனோடு கரைகிறது, அதே உலோகம் ஜாப்பில் படிகிறது. ஒரே வினை ஒரு பக்கம் முன்னாலும் மறு பக்கம் பின்னாலும் நடப்பதால் ஆற்றல் கணக்கில் தேவைப்படும் வோல்ட்டேஜ் பூஜ்யம். ரெக்டிஃபையரில் நீங்கள் பார்க்கும் 3, 4 வோல்ட் கரைசலின் தடை, பஸ் பாரிலும் ஹூக்கிலும் இருக்கும் துரு, இரண்டு பரப்பிலும் வேண்டிய தள்ளல் இவற்றுக்குப் போகிறது. அதே கரண்டுக்கு நேற்று 4, இன்று 6 வோல்ட் என்றால் கெமிக்கலைத் தேடும் முன் ஆனோடு ஹூக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நிக்கல் ஆனோடு குளோரைடு இல்லாவிட்டால் மேலே ஆக்ஸைடு போர்த்திக்கொண்டு கரைய மறுக்கும், வாட்ஸ் பாத்தில் நிக்கல் குளோரைடு இருப்பது முக்கியமாக அதற்காக. செம்பு ஆனோடில் ஒற்றை எலக்ட்ரான் இழந்த செம்பு அயனி இடையில் உண்டாகி, இரண்டு சேர்ந்து ஒன்று கரைசலாகவும் ஒன்று செம்புத் தூளாகவும் பிரியும். அந்தத் தூள் ஜாப்பில் ஒட்டினால் சொரசொரப்பு. ஆனோடில் 0.04 முதல் 0.06 சதவீதம் பாஸ்பரஸ் கலந்தால் மேலே ஒரு கறுப்புப் படலம் நின்று இதை அடக்குகிறது. கறுப்பாக இருக்கிறதே என்று அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்ட புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சூப்பர்வைசர் சொன்னதில் பாதி உண்மை. ரெக்டிஃபையர் தள்ளத்தான் செய்கிறது, ஆனால் துத்தநாகத்தை மட்டும் பார்த்துத் தள்ளாது, பரப்பில் இருக்கும் எல்லா வினையையும் சேர்த்துத் தள்ளும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் வேகமாகப் படியும் என்று நினைத்தால் ஒரு எல்லை வரும். ஜாப்பை ஒட்டி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு தடிமனுக்கு அசையாத கரைசல் இருக்கிறது. அதன் வழியாகத் துத்தநாக அயனி பரவித்தான் வர வேண்டும். வருகிற அயனியெல்லாம் உடனுக்குடன் தீர்ந்துவிட்டால் கூடுதல் கரண்டை ஹைட்ரஜன்தான் எடுக்கும். ஹைட்ரஜன் போகப் போக அந்த மெல்லிய அடுக்கில் பிஎச் ஏறி ஹைட்ராக்சைடு விழுந்து படிவோடு சிக்கிக்கொள்ளும். ஜாப்பின் ஓரத்தில் கறுத்த, பொடியான படிவு, நாம் பர்னிங் என்பது அதுதான். போரிக் அமிலம் அந்த பிஎச் ஏற்றத்தைக் கொஞ்சம் தாங்கும். ஏர் விடுவது, ராக்கை (ஜாப் மாட்டும் சட்டத்தை) ஆட்டுவது எல்லாம் அந்த அசையாத அடுக்கை மெலிதாக்கத்தான். எந்தக் கரண்டில் எது நடக்கிறது என்பதை ஒரே பேனலில் பார்க்க ஹல் செல் வைத்திருக்கிறோம். அந்த 267 மில்லிலிட்டர் பெட்டியில் பேனல் சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் கரண்ட் மிக அதிகம், மறுமுனையில் மிகக் குறைவு. உங்கள் லைனில் அது தூசி படிந்து கிடந்தால் முதலில் எடுத்துத் துடையுங்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது, எந்த லேபிலும் திரும்பச் செய்து பார்க்கலாம். இனி வருவது அப்படியல்ல. பிரைட்னர் எப்படி வேலை செய்கிறது என்பதில், ஆசிட் காப்பர் மட்டும் ஓரளவு தெளிவு. 1990களின் பிற்பகுதியில் சிப்புக்குள் செம்புக் கம்பி போட ஆரம்பித்தபோது, குளோரைடும் பாலிமரும் சேர்ந்து தடுப்பதையும், கந்தகச் சேர்மம் அந்தத் தடையை விலக்குவதையும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். ஜிங்க் பிரைட்னர்களில் பரப்பில் ஒட்டித் தடுக்கிறது என்ற பொது விளக்கம் சரிதான், ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் என்ன செய்கிறது என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். சப்ளையர் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதும் அவர்களின் ரகசியம். ஒன்று மட்டும் நடைமுறையில் நிச்சயம்: சாதாரண ஆசிட் ஜிங்க் பிரைட்னருக்கு வெப்ப எல்லை உண்டு. சென்னையில் ஏப்ரல், மே மாதம் பாத் 35 டிகிரியைத் தாண்டும்போது சில்லர் இல்லாவிட்டால் பிரைட்னர் கலங்கி எண்ணெயாக மேலே மிதக்கும், ஜாப் மங்கும். அப்போது இன்னும் பிரைட்னர் ஊற்றுவது நிலைமையைக் கெடுக்கும்.

குரோம் படிவதற்கு 100க்கு 1 என்ற விகிதத்தில் சல்ஃபேட் தேவை என்பது உறுதி. கேத்தோடை ஒட்டி ஒரு படலம் உண்டாகி அதற்குள்தான் வினை நடக்கிறது என்பதையும் பலர் ஏற்கிறார்கள். அந்தப் படலத்தில் சல்ஃபேட் துல்லியமாக என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஜிங்க் நிக்கல் அலாய் இன்னும் வினோதம். அட்டவணைப்படி நிக்கல் முதலில் படிய வேண்டும். நடப்பது தலைகீழ், துத்தநாகம் தன் பங்குக்கு மேலேயே படிகிறது. பிரென்னர் என்ற ஆய்வாளர் இதை முறைமாறிய கூட்டுப்படிவு என்று வகைப்படுத்தினார். பரப்பில் துத்தநாக ஹைட்ராக்சைடு விழுந்து நிக்கலை மறைக்கிறது என்பது ஒரு விளக்கம், துத்தநாகம் ஒற்றை அடுக்காக முன்கூட்டியே ஒட்டி நிக்கலின் வேகத்தைக் கெடுக்கிறது என்பது இன்னொன்று. ஹைட்ராக்சைடு விளக்கம் ஆல்கலைன் பாத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதால் எனக்கு இரண்டாவதன் பக்கம் சாய்வு, ஆனால் அது என் சாய்வுதான்.

உங்கள் ஜாப்பையும் டேங்கையும் பார்க்காமல் சிஐ பிரச்சினைக்கு இதுதான் மருந்து என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு மேலே சொன்ன காரணம் முதல் சந்தேகம், ஒரே சந்தேகம் அல்ல. கான்டாக்ட் சரியில்லாத ராக், காஸ்டிங்கின் துளையில் சிக்கிய எண்ணெய், ஆல்கலைன் பாத்தில் துத்தநாகம் குறைந்துபோயிருப்பது, இவையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும். ஒரு சிஐ துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றைப் பிக்லிங் செய்தும் மற்றதை எமரித் தாளில் நன்றாகத் தேய்த்தும் ஒரே ராக்கில் போட்டுப் பாருங்கள். தேய்த்தது மூடி, பிக்லிங் செய்தது மூடாவிட்டால் விடை கையில் வந்துவிட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கம்பெனி ஃபாஸ்டனர் போடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குமிழாக வெளியே போகும் ஹைட்ரஜன் பெரிய கெடுதல் செய்வதில்லை. பரப்பில் அணுவாக ஒட்டி, ஜோடி சேர்வதற்குள் ஸ்டீலுக்குள் புகுந்துவிடும் ஹைட்ரஜன்தான் ஆபத்து. பிக்லிங் அமிலத்திலும் புகும், டேங்கிலும் புகும். மென்மையான ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது. 12.9 கிரேடு போன்ற கடினமான போல்ட்டில், டைட் செய்து சில மணி நேரமோ சில நாளோ கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் தலை பறந்துவிடும். அதற்காகத்தான் பேக்கிங், அதாவது அடுப்பில் சூடாக்குவது: 190 முதல் 220 டிகிரி, பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்ற வேண்டும், பாசிவேஷனுக்கு (துத்தநாகத்தின் மேல் பாதுகாப்புப் படலம் ஏற்றுவதற்கு) முன்பே, ஏனென்றால் அந்தச் சூட்டில் பாசிவேஷன் படலம் கெட்டுவிடும். எத்தனை மணி நேரம் என்பதும், 10.9 கிரேடுக்குத் தேவையா என்பதும் வாடிக்கையாளரின் ஸ்பெக்கைப் பொறுத்தது. டிராயிங்கில் எழுதியிருக்கும், லோடு டேங்கில் இறங்கும் முன் வாங்கிப் படித்துவிடுங்கள்.